கிறிஸ்து சமயமும் பிறசமயத்தார் வீடுபேறும்

பிறசமயத்தார்க்கு வீடுபேறு உண்டோ இல்லையோ என்பதற்குக் கிறிஸ்து சமயத்தார் கூறும் விடை யாது என்னும் வினாச் சைவ நன்மக்கள் பலரால் எழுப்பப்படுவது. எழுப்புவோருட் பெரும்பாலார் விடையைத் தாமே முற்படத் துணிந்துகொண்டு வினவுகின்றனர். கிறிஸ்துவை ஏற்றார்க்கே மோட்சம், ஏனையோர் யாவரும் மீளா நரகிற்கு உரியர், இதுவே அவர் கொள்கை என்று மொழிந்து, அதனை இரண்டு சொற்களான் மறுத்து அமைகின்றனர். பிறர் கொள்கையை அவர் கொள்ளுமாறே எடுத்துக் கூறிப் பின்னர் மறுத்தலன்றோ அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்திற் காட்டிய முறை? அம்முறை பற்றி நோக்குவார்க்கு, இப்பொருளிற் கிறிஸ்து சமயத்தார் ஒரு குரலாற் பேசுவார் அல்லர் என்பது புலனாம். அவருட் சிலர் கூற்று நம் சித்தாந்தக் கூற்றிற்கு மிக அணித்தாய் நிற்றலும், அவ்வணிமையே நமக்குச் சில இடர்ப்பாடுகளை விளைத்தலும் உடன் புலனாம்.

பொருளைத் தெளிவாகக் காண ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வாம். கிழக்கே போளூரும் தெற்கே செங்கமும் மேற்கே திருப்பத்தூரும் அமைய, அவற்றிடை உயர்ந்து கிடப்பது சவ்வாது மலை. அதன் தென்சாரலை அடுத்த நவிர மலையையும், ஆங்கு உறையும் நஞ்சுண்ட கடவுளையும் பத்துப்பாட்டினுள் மலைபடுகடாம் பாடுகின்றது. மலைமேல் வாழ்வார் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வார் என்பது இப்பெயர்க்குப் பொருளேயன்றிச் சேரநாட்டார் என்பதன்று. தம் முன்னோர் காஞ்சியினின்று போந்தவர் என்பது அவர்தம் வழிவழி வழக்கு. சாமை விதைத்து, தம் ஊர்த் தெய்வங்கட்குப் பொங்கலிட்டு வாழ்வர். அவருள், முந்நூறு நானூறு ஆண்டுகட்கு முன் பிறந்து வாழ்ந்து இறந்தான் ஒருவனை எண்ணுக. அவன் இயேசுவின் பெயரைக் கேட்டிலன். கேட்டற்கு வழியும் இலன். பொய் கூறாது, அயலான் பசிக்கு உணவீந்து, தன் தெய்வத்திற்கு அஞ்சி நடந்தான். அவன் கதி யாது? இஃது ஒரு வினா. அவன் வழித்தோன்றல் ஒருவன் பிற்காலத்தில் அடிவாரத்திற்கு இறங்கி, ஆங்குள்ள கிறிஸ்தவ மருத்துவரிடம் நோய் நீங்கப்பெற்று, அவர் உரைத்த நற்செய்தியையும் கேட்டு, கைகூப்பி நன்றி கூறி, மீண்டு தன் தெய்வத்தையே வழிபட்டான் எனின், அவன் கதி யாது? இது மற்றொரு வினா. முன்னையதற்குக் கிறிஸ்தவ ஆசிரியர் பெரும்பாலார் இன்று ஒருவாறு ஒருமித்த விடையே கூறுவர். பின்னையதே அவர்க்கும் நமக்கும் அரிய வினா.

விவிலிய நூலுள் இருவகைக் கூற்றும் உள. அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம் அதிகாரத்திற் பேதுரு, இரட்சிப்பிற்கு உரிய பெயர் வேறின்மையை வற்புறுத்துகின்றார். யோவான் சுவிசேஷம் பதினான்காம் அதிகாரத்தில் இயேசு, தம் வழியானன்றித் தந்தையை எய்துவார் இலர் என்னும் கருத்தினராய்ப் பேசுகின்றார். எனினும் அதே பேதுரு, அந்நடபடிகளின் பத்தாம் அதிகாரத்தில், கொர்நேலியு என்னும் உரோமப் படைத்தலைவனைக் கண்டபோது, எந்நாட்டினராயினும் இறைவற்கு அஞ்சி அறம் புரிவாரை அவன் ஏற்றுக்கொள்வான் எனத் தாம் உணர்ந்தமை கூறுகின்றார். பவுல் உரோமர்க்கு வரைந்த நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், வேதம் பெறாதார் நெஞ்சிலும் அறவிதி எழுதப்பட்டிருத்தலைக் கூறும். எல்லா மக்களும் இரட்சிக்கப்படல் இறைவன் திருவுளம் என்பது தீமோத்தேயுவிற்கு எழுதிய முதல் நிருபத்திற் காணப்படும். மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில், இறுதி நாளில் நடுவர் முன் நிற்பார் பசித்தார்க்கு உணவீந்தமை பற்றியே வினவப்படுகின்றனர். கொள்கை பற்றி ஒரு வினாவும் ஆண்டு இல்லை. இவ்விருவகையுள் ஒன்றனையே எடுத்து மற்றதனை மறைத்தல் வாதத்திற்கு உதவுமன்றி ஆராய்ச்சிக்கு உதவாது.

இரண்டாம் நூற்றாண்டினராகிய யுஸ்தீன், சொல் எனப்படும் தெய்வ அறிவின் வித்து மக்கள் யாவரிடத்தும் உள்ளதென்றும், அதன்வழி வாழ்ந்த சாக்ரடீசு முதலிய யவன அறிஞர் கிறிஸ்துவிற்கு முற்பட்டவரேனும் கிறிஸ்தவரே என்றும் கொண்டார். அவர்க்குப் பின் வந்த ஓரிகன், நரகத் துன்பமும் தூய்மை செய்யும் மருந்தே என்றும், இறுதியில் உயிர்கள் யாவும் இறைவன்பால் மீளும் என்றும் கருதினார். ஆறாம் நூற்றாண்டில் அக்கொள்கை விலக்கப்பட்டது. சித்தாந்திகட்கு அணுக்கராகிய இவர் திருச்சபையாற் கைவிடப்பட்டமை நாம் இரங்கத்தக்கது.

திருச்சபைக்குப் புறம்பே இரட்சிப்பு இல்லை என்னும் புகழ்பெற்ற விதியோ, 258-ஆம் ஆண்டிற் கொலையுண்டு இறந்த கார்த்தேசு நகரத்து ஆயர் சிப்ரியன்பால் தோன்றியது. அவர் அதனைச் சொல்லிய இடம் யாது? பிறசமயத்தாரை நோக்கியதன்று, திருச்சபையினின்று பிரிந்து வேறு கூட்டம் வகுத்துக்கொண்ட கிறிஸ்தவரை நோக்கியது. வீட்டினுள் எழுந்த பூசலுக்கு இயற்றிய விதி, காலப்போக்கில் வீட்டிற்கு வெளியே உள்ளார் அனைவர்மேலும் ஏற்றப்பட்டது. உரோமப் பேரரசு கிறிஸ்தவம் ஆகியபின், உலக முழுதும் நற்செய்தி கேட்டுவிட்டதென்றும், கேட்டும் ஏலாதார் தம் குற்றத்தானே ஏலாதாராயினர் என்றும் ஐரோப்பியர் நம்பினர். பிளாரன்சு நகரத்துப் பேரவை 1442-ஆம் ஆண்டிற் பிறப்பித்த ஆணை, இறப்பதற்கு முன் திருச்சபையிற் சேராத புறச்சமயத்தார் யாவரும் நித்திய அக்கினிக்கு உரியர் என ஐயத்திற்கிடமின்றிக் கூறுகின்றது. நம்மவர் மறுக்கப்புகும் கொள்கை இதுவே. இஃது அவர் நூலில் உள்ளதே, நாம் புனைந்ததன்று.

அவ்வாணை பிறந்து ஐம்பது ஆண்டு கழிந்த அளவில், 1492-இற் கொலம்பசு மேல்கடல் கடந்தான். ஆண்டுத் திரள்திரளாக மக்கள் வாழ்தலும், அவருள் ஒருவரும் இயேசுவின் பெயரைக் கேளாமையும் வெளியாயின. பிளாரன்சுப் பேரவையினர் கண்ட உலகப்படம் பொய்யாயிற்று. படம் பொய்யாகவே விதியின் பொருளும் ஆராய்ச்சிக்கு வந்தது. ஸ்பெயின் நாட்டுச் சலமன்காப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் பிரான்சிசுக்கோ தெ வித்தோரியா 1539-இல் ஆற்றிய விரிவுரையில், கேளாமையாற் கிறிஸ்துவை அறியாதார்க்கு அவிசுவாசம் என்னும் பாவம் இல்லை என்றார். அதனினும் அரிய கருத்தொன்றையும் அவர் உடன் கூறினார்: ஒருவன் வந்து அறிவித்தான் என்னும் அளவானே கேட்டார் நம்புதற்குக் கடமைப்பட்டார் அல்லர், அறிவித்தானுடைய வாழ்வும் சான்றும் நம்பத்தக்கனவாய் அமைதல் வேண்டும். ஸ்பானியர் வாளொடு வந்து போதித்த காலத்தில் இது கூறப்பட்டதென்பதை நினைவிற் கொள்க. நம் மலைவாணருள் இரண்டாமவனுக்குக் கிடைத்த முதல் வழக்குரை இது.

பின்னர்க் கத்தோலிக்கச் சபை படிப்படியாக வாயிலை அகலத் திறந்தது. திரெந்துப் பேரவை 1547-இல் ஞானஸ்நானத்தை விரும்புதலும் பயனுடைத்து என்றது. தமிழ்க் கத்தோலிக்கர் அதனை ஆசை ஞானஸ்நானம் என்பர். திருச்சபைக்குப் புறம்பே அருளே இல்லை என்று கூறியவர் கூற்றைப் போப்பரசர் 1713-இற் குற்றமுடைத்தெனத் தள்ளினார். இதனை நம்மவருட் பலர் அறியார். தன் குற்றத்தானன்றி அறியாமையிற் கிடப்பான் அறநெறி நிற்பின் அருளாற் கடைத்தேறக் கூடும் என்பதனை ஒன்பதாம் பத்திநாதர் 1863-இல் எழுதினார். அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில், லியோனார்டு பீனி என்னும் குருவர் பழைய விதியைச் சொற்படியே வற்புறுத்தி நின்றார். 1949-இல் உரோமாபுரி அவர் கொள்கையை மறுத்து எழுதியது. அழைப்பிற்கு இணங்காமையான் 1953-இல் அவரே திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். புறம்பே இரட்சிப்பு இல்லை என்று அழுந்தக் கூறினாரையே புறம்பாக்கியது சமய வரலாற்றின் நகைச்சுவைகளுள் ஒன்று. முடிவில் இரண்டாம் வத்திக்கான் பேரவை 1964, 1965-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆவணங்கள், இறைவனை நேர்மையுள்ளத்தோடு தேடி மனச்சான்றின்வழி நடப்பார் கிறிஸ்துவை அறியாராயினும் இரட்சிப்பு எய்தக்கூடும் என்றன. இந்துக்களின் தவமும் தியானமும் பத்தியும் நன்மதிப்போடு எடுத்துரைக்கப்பட்டன. ஆயினும், திருச்சபை இன்றியமையாதது என அறிந்தும் புகாதான் இரட்சிக்கப்படான் என்பதும் அவ்வாவணங்களுள் உளது. அறிதல் என்பது யாது? கேட்டல் அறிதலாமோ? நம் இரண்டாம் மலைவாணன் நிற்பது இச்சொல்லின் விளிம்பிலேயாம்.

சீர்திருத்தச் சபையார்பால் வழி வேறு. வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் பெயரிய அறிக்கை, பதினேழாம் நூற்றாண்டிற் பிரிட்டானியாவில் எழுதப்பட்டது. ஸ்காத்துலாந்துச் சபையினர் அதனைத் தம் கொள்கை நூலாகக் கொண்டனர். கிறிஸ்து சமயத்தை மேற்கொள்ளாதார், இயற்கையறிவின்படி எத்துணை ஊக்கத்தோடு நல்வாழ்வு வாழினும், இரட்சிக்கப்படார் என்பது அதன் துணிபு. அச்சபையினர் தொடங்கிய கல்விச்சாலையே வளர்ந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. அக்கல்லூரியுள் தமிழரிடை வாழ்ந்து, இந்து மாணாக்கர்க்கு மெய்ந்நூல் கற்பித்த ஸ்காத்துலாந்தினர் ஒருவரே அத்துணிபின் அடிக்கல்லை அசைத்தார் என்பது கருதத்தக்கது. அவர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் என்பார். கருமமும் மீட்பும் பற்றி அவர் எழுதிய நூல் 1909-இல் வெளிவந்தது. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர் மாணாக்கர்.

கல்லூரி 1937-இற் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர்த் திங்களில் உலகப் பன்னாட்டுச் சீர்திருத்தச் சபையாளர் அவ்விடத்தே பேரவை கூடினர். ஒல்லாந்தினராகிய ஹென்ட்ரிக் கிரேமர் அதற்கென ஒரு பெருநூல் இயற்றியிருந்தார். இறைவன் தன்னை வெளிப்படுத்தியது கிறிஸ்துவினிடத்தே. ஏனைச் சமயங்கள் யாவும், எத்துணை உயர்வுடையவாயினும், மனிதன் இறைவனைத் தேடிய முயற்சிகள். அத்தேட்டத்திற்கும் வெளிப்பாட்டிற்கும் இடையே பாலம் இல்லை என்பது அவர் கொள்கை. ஹாக் இதனை மறுத்தார். இந்துக்களிடத்தே தாம் கண்டது தேடுதல் மட்டுமன்று, கண்டடைதலும் உண்டு. இறைவன் அவர்க்கு விடையிறுத்துள்ளான். சமயக் கோட்பாடுகள் வேறு, அவற்றின் உள்ளே நிகழும் உயிர்ப்பத்தி வேறு. கோட்பாட்டைக் குறைகூறலாம், பத்தியைப் பொய்யென்னல் ஆகாது என்றனர். நூல் கற்றுக் கூறியவர் கிரேமர். அண்டை வீட்டாரைக் கண்டு கூறியவர் ஹாக். புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்த செஞ்சையா, பின்னாளிற் சென்னை நகர மேயராய் விளங்கிய சக்கரை முதலிய இந்தியக் கிறிஸ்தவர், அப்பேரவை கூடுமுன்னரே ஒரு தொகைநூல் வெளியிட்டு, கிரேமர் துணிபிற்கு உடன்படாமையை அறிவித்தனர். அவர்கட்கு இந்துக்கள் ஆராய்ச்சிப் பொருளல்லர், பெற்றோரும் பாட்டனாருமாவர். தன் பாட்டனை நரகிற்கு அனுப்பும் கொள்கையை நெஞ்சறிந்து கைக்கொள்ளல் எளிதோ?

இனி மலைக்கு மீள்வாம். சவ்வாது மலையின் மேல்சாரலுக்கு எதிரே திருப்பத்தூரில் 1921-ஆம் ஆண்டிற் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. தோற்றுவித்தோர் மருத்துவர் இருவர்: தமிழராகிய சவரிராயன் இயேசுதாசன், ஸ்காத்துலாந்தினராகிய எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். முன்னவரைப் பெரியண்ணன் என்றும் பின்னவரைச் சின்னண்ணன் என்றும் ஊரார் அழைத்தனர். கதராடை உடுத்து, மணம்புரியாது, ஏழைகட்கு மருத்துவம் செய்து வாழ்ந்தனர். தம் செபாலயத்தைத் தமிழ்நாட்டுக் கோயில் அமைப்பிலேயே எடுப்பித்தனர். கோபுரம் கண்டு கொள்கையும் மாறியதென நினைத்தல் தவறு. இரட்சகர் ஒருவரே என்பதில் அவர் உறுதியுடையர். ஆயினும் வித்தோரியா வேண்டிய சான்று இத்தகைய வாழ்வே ஆதலின், இரண்டாம் மலைவாணன் வினா இவர்முன் முன்னையினும் கூர்மை எய்துகின்றது. வாளொடு வந்தாரை மறுத்தவன் குற்றமிலன். அன்பொடு வந்தாரை மறுத்தவனோ?

மலையின் தென்புறத்துத் திருவண்ணாமலையில் நிகழ்ந்தது இதற்கு மறுதலையாய வரலாறு. ஹென்றி லெ சோ என்னும் பிரெஞ்சுத் துறவியார் 1948-இல் இந்தியா போந்து, மறு ஆண்டு ரமணரைக் கண்டார். 1950-இல் மொஞ்சானென் என்பாரோடு குளித்தலைப் பக்கத்தே காவிரிக்கரையிற் சச்சிதானந்த ஆசிரமம் அமைத்தார். அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்டார். பின்னர் அருணாசலத்தின் குகைகளிற் பலமுறை தனித்துறைந்தார். ரமணர்பாற் கண்டது மெய்யருளே என்பதில் அவர்க்கு ஐயம் எழவில்லை. அதனைத் தம் சமயக் கோட்பாட்டினுள் எங்ஙனம் அமைப்பது என்பதே 1973-இல் உடல் நீங்குங்காறும் அவர்க்கு ஓயாத போராட்டமாயிற்று. கிறிஸ்துவை அறிந்தும் அறிவித்தற்கு முயலாது தன்னிலையில் நின்ற ஒருவரிடத்து அருள் நிறைந்திருந்ததெனின், கேட்டவன் ஏற்றாலன்றி உய்யான் என்னும் வரம்பு எங்கே நிற்கும்?

ஈண்டு ஒரு தடை எழும். அறியாமையுள் இருப்பான் அறியாமையானே உய்யக்கூடும் எனின், மலையேறிப் போதிப்பார் அவனுக்குச் செய்வது நன்மையோ தீமையோ? கேளாதிருந்தவரை அவன் குற்றமிலன். கேட்டபின் மறுப்பின் குற்றவாளி. ஆகவே போதகர் மலையடிவாரத்தினின்றே மீளுதல் அவனுக்கு நலமன்றோ எனின், இது கடாவுதற்கு உரிய தடையே. கிறிஸ்தவர் கூறும் விடை: நற்செய்தி நரகினின்று தப்பும் உபாயம் மட்டுமன்று; அன்புடைய தந்தையை இப்பிறவியிலேயே அறிந்து மகிழ்தலே அதன் பயன்; நோய்க்கு மருந்து அறிந்தான் மறைத்தல் ஆகாது என்பது. இவ்விடை வலியுடைத்து. சிவஞானம் எந்நெறியினர்க்கும் முடிவிற் கிட்டும் எனக் கொள்ளும் நாம், திருமுறை ஓதுவித்தலையும் தீக்கை செய்தலையும் வீண் என்கின்றிலம் அன்றோ?

கத்தோலிக்க அறிஞர் கார்ல் ரானர் என்பார், பிறசமயத்து நல்லோரைப் பெயரறியாக் கிறிஸ்தவர் என்றழைத்தார்: அவர் அறியாமலே கிறிஸ்துவின் அருள் அவர்பால் தொழிற்படுகின்றது என்பது கருத்து. இதனைச் சைவர் கேட்பின் சினத்தல் இயல்பு. சப்பானிய பௌத்த அறிஞர் ஒருவர், உம்மைப் பெயரறியாச் சென் பௌத்தர் என்று யான் அழைப்பின் என் செய்வீர் என ரானரை வினவினார். அதனைப் பெருமையாகவே கொள்வேன் என்றார் அவர். சினப்பதற்கு முன் நம் நூலை நோக்குவாம். எத்தெய்வத்தை ஒருவன் வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அவ்வழிபாட்டை ஏற்றுப் பயன் அளிப்பவன் மாதொருபாகனே என்று சித்தியார் சுபக்கம் கூறுகின்றது. பிறந்தும் இறந்தும் வருந்தியும் வினைசெய்தும் நிற்கும் தெய்வங்கள் பயன் கொடுக்க மாட்டா என்பது அதற்குக் காட்டும் காரணம். புறச்சமய நெறியினின்று தொடங்கிப் பல படிகளைக் கடந்து, சைவத்தின் சரியை கிரியை யோகங்களை முற்றி, ஞானத்தாற் சிவனடி சேர்தல் என்னும் சோபான முறையும் ஆண்டே உளது. ஆகவே தேவாலயத்தில் முழந்தாளிட்டு வேண்டும் கிறிஸ்தவர் நமக்குப் பெயரறியாச் சைவர்! ரானர் கூற்று இறுமாப்பு எனின், நம் கூற்றும் அவ்வாறே எனப்படும். நம் கூற்று அருளின் அகலம் எனின், அவர் கூற்றும் அஃதே. இதனை மறைத்து வாதிடுதல் தகாது.

அற்றேல் இருதிறத்தார்க்கும் வேறுபாடு இல்லையோ எனின், உளது. அது மனவகலத்தின் வேறுபாடன்று, பிறவிக் கொள்கையின் வேறுபாடு. கிறிஸ்தவர்க்குப் பிறவி ஒன்றே. எண்பது ஆண்டு வாழ்ந்தானும் பாலுண்ணும் பருவத்து இறந்தானும் அவ்வொன்றனுள்ளேயே நித்திய முடிவை எய்துதல் வேண்டும். இதனாலன்றோ ஞானஸ்நானம் பெறாது இறந்த சேய்களின் கதி பற்றி அவர் பதினைந்து நூற்றாண்டு இடர்ப்பட்டனர்? அச்சேய்கட்கு இரட்சிப்பு உண்டென நம்பத் தக்க ஏது உளது என்று உரோமாபுரி இறைநூற் குழுவினர் 2007-இற்றான் எழுதினர். உத்தரிக்கிற ஸ்தலம் என்று கத்தோலிக்கர் கொள்வதும், இறந்தார்க்கு மறுவாய்ப்பு உண்டெனச் சில சீர்திருத்தச் சபையார் கருதுவதும், ஒரு பிறவியுள் அடங்காத அருளுக்கு இடம் தேடிய முயற்சிகளே. சித்தாந்தத்திலோ மலைவாணன் இருவர்க்கும் அவசரம் இல்லை. மலபரிபாகம் வருங்காறும் திரோதான சத்தி உயிரைப் பிரியாது உடனின்று பக்குவம் செய்யும்; அவன் பொங்கலிட்ட நாளும், மருத்துவர் முன் கைகூப்பிய நாளும் அப்பக்குவத்தில் அடங்கும். நரகும் வினை தீருங்காறுமேயன்றி முடிவிலதன்று.

எனினும் இதற்கும் ஒரு விலை உண்டு. அவசரம் இன்மை நம்மிடை அசட்டையாய் முடிந்தமை மறுக்கற்பாலதன்று. அடுத்த பிறவியிற் பார்த்துக்கொள்ளும் என்று மலைவாணரை நாம் விட்டிருந்த காலத்தில், இப்பிறவியே உள்ளது என்று நம்பினார் வேலூரினின்றும் மருந்துப் பெட்டியோடு மலையேறினர். பிறவி பல என்னும் உண்மை, இப்பிறவியில் அயலான்பாற் கடமை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

மற்றொரு வேறுபாடும் ஆராயற்பாலது. கிறிஸ்தவர், அருள் எங்குச் செல்லினும் அது பாலஸ்தீனத்தில் ஒரு காலத்து நிகழ்ந்த சிலுவை மரணத்தின் பயனாகவே செல்கின்றது என்பர். வத்திக்கான் பேரவையும், 2000-ஆம் ஆண்டில் உரோமாபுரி வெளியிட்ட அறிக்கையும் இதனை விட்டுக்கொடுத்தில. சித்தாந்தத்தில் அருள் ஒரு நிகழ்ச்சியின் பயனன்று, இறைவனது அநாதி இயல்பு. யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம், ஒவ்வொருவரையும் ஒளிரச்செய்யும் சொல் எனப் பாடுவதனைப் பற்றி நின்று அவ்வியல்பை நெருங்குவார் கிறிஸ்தவருள் உளர். யுஸ்தீன் நின்றது அவ்விடம், ஹாக் நோக்கியதும் அத்திசை.

பரபக்கம் மறுத்த சமயங்கள் 14. கிறிஸ்து சமயம் அவற்றுள் இல்லை. அருணந்தி சிவாசாரியர் காலத்து அது வாதத்திற்கு வந்திலது. ஆதலின் சோபான முறையில் அச்சமயத்திற்கு எப்படியைக் கூறுவது என்பதற்கு ஆசிரிய வாக்கியம் நமக்கில்லை. இறைவனை ஒருவனெனவும் தந்தையெனவும் கொண்டு, வடிவிலா அவனை அன்பாற் பணிந்து, அவன் அருளானன்றித் தன் முயற்சியால் உய்தி இல்லை என்று நம்பும் சமயத்தை, வேதத்தை உடன்படாமை ஒன்றே பற்றிப் புறப்புறத்தினுள் உலகாயதரோடு ஒருங்கு வைத்தல் அமையுமோ, அருட்கொள்கை பற்றி அகத்திற்கு அணித்தாக வைத்தல் அமையுமோ என்பதனைச் சித்தாந்த நூல் வல்லார் இதழ்வாயிலாக ஆராய்ந்து எழுதுவாராக.